குழி ஓரிடம், ஊசி வேறிடம்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் பல் போன ஆச்சிகளின் முகத்தைக் கவனித்திருப்பீர்கள். கன்னம் உள்ளே ஒட்டியிருக்கும். நாடி முன்னால் துருத்தி மூக்கை நோக்கி ஏறியிருக்கும். தோல் சுருங்கியதால் மட்டும் வந்த மாற்றம் அல்ல இது. பல் விழுந்துவிட்டால், அதைத் தாங்கி நின்ற தாடை எலும்பு மெல்லக் கரைந்து குறைகிறது. முப்பத்திரண்டு பல்லும் இருப்பவர்களும் முழுக்கத் தப்புவதில்லை. வயது ஏற ஏறக் கண்குழியின் விளிம்பு அகலும், மேல்தாடை பின்வாங்கும். இப்படிக் குறைந்த முகத்தை ஜெல் ஏற்றி நிரப்பும் ஊசிதான் ஃபில்லர். அதை எங்கே போடுகிறார்கள் என்பது புரிய, முகம் எப்படி வற்றுகிறது என்று தெரிய வேண்டும்.

எலும்புக்கு மேலே கொழுப்பு இருக்கிறது. அது முகம் முழுக்க ஒரே படலமாகப் பரவியிருப்பதாகத்தான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ராரிக், பெஸ்ஸா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் சடலங்களின் முகத்தில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, கொழுப்பு தனித்தனி அறைகளாகப் பிரிந்து கிடப்பதை 2007-இல் விளக்கினார்கள். எல்லா அறைகளும் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. கன்னத்தின் ஆழத்தில் உள்ள கொழுப்பு குறைந்தால் அதற்கு மேலே இருக்கும் சதை பிடிமானம் இழந்து கீழிறங்கும். இறங்கிய சதை வாயோரத்தில் தடுக்கி நிற்கிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் அந்த ஆழ்ந்த கோட்டுக்கு இது பெரிய காரணம். நம் ஊர் நிறத்துக்கு வெயிலைத் தாங்கும் வலு கொஞ்சம் கூடுதல் என்பதால் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாகத்தான் வரும். கண்ணுக்குக் கீழே குழியும் கன்னச் சரிவும் முந்திக்கொள்ளும்.

பெருமாள்புரத்தில் எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்தக் கோட்டைக் காட்டி, “இது போனால் போதும்” என்று தோல் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். மருத்துவர் அவரைப் படுக்கச் சொல்லவில்லை. படுத்தால் கன்னம் காதுப் பக்கம் வழிந்து, சரிவே தெரியாமல் போய்விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, வெள்ளைப் பென்சிலால் கன்ன எலும்பின் மேல் இரண்டு புள்ளி, நெற்றிப்பொட்டில் ஒன்று, நாடியின் ஓரத்தில் ஒன்று என்று வைத்தாராம். “நான் காட்டியது இங்கே, நீங்கள் புள்ளி வைப்பது எங்கேயோ!” என்று கேட்டதற்கு, “கன்னம் கொஞ்சம் ஏறினால் கோடு தானே குறையும், டீச்சர்” என்று பதில் வந்தது. முகத்தில் பல இடங்களில் ஃபில்லர் ஊசி போடுவதற்கான காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. கோட்டை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் கோடு மறையும். கூடவே வாயைச் சுற்றிய பகுதி உப்பி, முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிடும்.

ஊசிக்குள் இருப்பது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்த சர்க்கரைச் சங்கிலி இது. நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே உண்டு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறக்குறைய 15 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் தினமும் சிதைத்துப் புதிதாக்குகிறது. அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாட்களில் காணாமல் போய்விடும். அதனால் பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்குகிறார்கள். வலையை அறுக்க உடலின் நொதிகளுக்கு மாதங்கள் ஆகும். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை பலன் நிற்பதாகச் சொல்வது வழக்கம். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில்கூடச் சிலருக்கு ஜெல் மிச்சம் இருந்தது தெரிந்திருக்கிறது. முன்பு சேவல் கொண்டையிலிருந்தும் இதை எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள் என்பதால் சைவக் குடும்பத்தார் கவலைப்பட வேண்டியதில்லை.

வலை எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து ஜெல்லின் குணம் மாறும். இளநுங்கு விரல் பட்டால் குழையும், முற்றிய கடுக்காய் நுங்கு எதிர்த்து நிற்கும். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கன்ன எலும்பின் மேலும் நாடியிலும் எலும்பை ஒட்டி விறைப்பான ஜெல்லை வைக்கிறார்கள், அது தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால். ஓயாமல் அசையும் உதட்டுக்கு மென்மையானது. கண்ணுக்குக் கீழே இன்னும் கவனம்: நீரை அதிகம் இழுக்கும் ஜெல்லை அங்கே வைத்தால் காலையில் எழும்போது பை தொங்கும். மேலோட்டமாக வைத்துவிட்டால் மெல்லிய தோலுக்கு அடியிலிருந்து நீலநிற ஒளி அதிகம் சிதறி, அடிபட்டுக் கன்றியது போலத் தெரியும். இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர்.

ஒரு சிரிஞ்சில் இருப்பது வழக்கமாக ஒரு மில்லி, தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் இதில் மிகச் சிறு துளி தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போனாலே போதும். குழாய் அடைபட்டால் அந்த இடத்துத் தோல் வெளிறி, கடுமையாக வலித்து, பிறகு வலைப்பின்னல் போலக் கருநீலமாகும். கவனிக்காமல் விட்டால் தோல் அழுகும். புருவ மத்தியும் மூக்கும் மிகவும் ஆபத்தான இடங்கள். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. அழுத்தி ஏற்றிய ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிப் போய், அழுத்தம் விட்டதும் விழித்திரைக் குழாய்க்குள் பாய்ந்துவிடும். அப்படிப் பார்வை இழந்தவர்களில் பலருக்கு அது திரும்பவில்லை. அதனால்தான் முகத்தின் உடற்கூறு தெரிந்தவர்கள் பல இடங்களில் கூர்முனை ஊசிக்குப் பதில் மழுங்கிய முனைக் குழலை எடுக்கிறார்கள், மெதுவாக ஏற்றுகிறார்கள், நடுநடுவே தோலை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஹையலூரானிக் ஜெல்லுக்கு முறிமருந்து உண்டு. ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஏற்றினால் சங்கிலி அறுந்து ஜெல் கரையும். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் போன்ற மற்ற வகைகளுக்கு இப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பு, “அந்த நொதி இங்கே கையிருப்பில் இருக்கிறதா?” என்று கேட்பது நல்லது. பார்லரில் அந்தக் கேள்விக்கு விழித்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம். ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் தள்ளும் பேனாக்களை வீட்டில் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021-இல் எச்சரித்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போய் நிற்பதும் தவறு. வீக்கமும் கன்றலும் அடங்க இரண்டு வாரமாவது விட வேண்டும்.

நிரப்புவதுதான் ஃபில்லரின் வேலை. இங்கே ஒரு காலத்தில் பாம்படம் போட்ட பாட்டிமாரின் காது தோள்வரை தொங்கியது. அங்கே எதுவும் வற்றவில்லை. உலோகத்தின் கனத்தில் தோல் நீண்டிருக்கிறது, அவ்வளவே. நீண்ட தோலில் எத்தனை சிரிஞ்ச் ஏற்றினாலும் அது இன்னும் கனமாகும், சுருங்காது. அதை அறுவை மருத்துவர் வெட்டித்தான் தைக்க வேண்டும். கழுத்திலும் தாடைக்கடியிலும் தளர்ந்து தொங்கும் தோலுக்கும் இதே கணக்குதான்.