ஸ்கேனில் கறுப்புப் புள்ளி: எத்தனை என்பதைவிட எங்கே என்று கேளுங்கள்

மூளையில் ரத்தம் கசிந்து, பிழைத்து வீட்டுக்குப் போனவரின் மகனோ மகளோ ஃபைலோடு வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "திரும்ப வருமா டாக்டர்?" என்பதைத்தான். ஃபைலைப் புரட்டினால் பல நேரம் சி.டி. ஸ்கேன் படம் மட்டும் இருக்கும். அன்றைக்குக் கசிந்த ரத்தத்தை அது உடனே காட்டிவிடும், அவசரத்துக்கு அதுதான் வேண்டும். பழைய நுண்கசிவுகள் அதில் தெரியாது.

அதற்கு எம்.ஆர்.ஐ., அதிலும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவரிசை எடுத்திருக்க வேண்டும். மெல்லிய ரத்தக்குழாய்களிலிருந்து எப்போதோ, நோயாளிக்கே தெரியாமல் கசிந்த ரத்தத்தின் இரும்பு அங்கேயே தங்கிவிடுகிறது; அந்த இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால் கடுகளவுக் கசிவுகூட உண்மையான அளவைவிடப் பெரிய கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'சில நுண்கசிவுகள்' என்று ஒதுங்கிக் கிடப்பது இதுதான். எனக்கு அந்த வரி போதாது. தலாமஸ் போன்ற ஆழமான பகுதிகளில் இருந்தால் பெரும்பாலும் பல வருடப் பிரஷரின் வேலை. வயதானவருக்கு, ஓரமாக, மூளையின் வெளி அடுக்கான புறணியை ஒட்டி மட்டும் சிதறியிருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிந்திருக்கிறதோ என்று சந்தேகிப்பேன். அமிலாய்டு வகையில் மீண்டும் கசியும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம், மற்றதில் 1 சதவீதத்தை ஒட்டித்தான். மூளை மடிப்புகளின் ஓரத்தில் மை தீட்டியதுபோலக் கறுப்புக் கோடு ஓடினால், அதுவும் மூன்றுக்கு மேற்பட்ட மடிப்புகளில் என்றால், புள்ளிகளை எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொள்வேன். மேற்பரப்பு சிடரோசிஸ் என்கிற இந்தக் கோடு அவ்வளவு கனமான எச்சரிக்கை.

சரி, 7 சதவீதம் என்றால் நூற்றில் 93 பேருக்கு அந்த ஆண்டு வராது என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைச் சொல்ல மறந்து, நானே சில குடும்பங்களைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறேன்.

பயத்தில் பலர் செய்வது, ரத்தம் கட்டாமலிருக்க இதயத்துக்காக எழுதிய ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்துவது. 2019-இல் வெளியான ரீஸ்டார்ட் ஆய்வில், கசிவுக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகளை மீண்டும் தொடங்கியவர்களுக்கு மறுகசிவு கூடவில்லை. அதற்காக எல்லோரும் தொடங்கலாம் என்றும் இல்லை, படத்தையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பிரஷர் விஷயத்தில் மட்டும் இரண்டு வகைக்கும் பேச்சு ஒன்றே, 130/80-க்குள் வைக்கப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாமல், முழுப் படங்களும் பதிந்த குறுந்தகட்டையும், வீட்டில் பார்த்த பிரஷரைக் குறித்துவைத்த நோட்டையும் கொண்டுவாருங்கள்.