யாழ் பல்கலைக்கழகத் துணைவேந்தரைத் தெரிவு செய்வது யார்?

புதிய துணைவேந்தர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் “எல்லாம் கொழும்பில் முடிவாகிற விஷயம்” என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். சட்டத்தைப் பார்த்தால் முக்கால்வாசி வேலை பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலேயே நடக்கிறது.

நியமிப்பவர் ஜனாதிபதிதான். ஆனால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, முதலில் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக மேலே போகும். அந்த மூவரில் ஒருவருக்கு மூன்று ஆண்டுப் பதவி. பேரவையின் பட்டியலில் இடம்பிடிக்காதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த முறை அவருக்கு வாய்ப்பில்லை.

சரி, பேரவையில் யார் இருக்கிறார்கள்? உள்ளே இருந்து துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விவகாரங்களைக் கவனிக்கும் சபையான மூதவை (செனட்) தெரிந்தனுப்பும் இருவர் முதலானோர். வெளியே இருந்து கல்வி, வர்த்தகம், கைத்தொழில், நிருவாகம் போன்ற துறைகளில் பெயர் பெற்றவர்களை ஆணைக்குழு நியமிக்கும். இந்த வெளிவாரி உறுப்பினர்களின் தொகை உள்வாரியினரைவிட எப்போதும் ஒன்று கூட. உள்ளே 14 பேர் என்றால் வெளியே 15. புதிதாக ஒரு பீடம் தொடங்கினால் ஒரு பீடாதிபதி கூடுவார், அதற்கு ஈடாக வெளியாள் ஒருவரும் கூடுவார். ஆக, தராசு வெளிவாரி உறுப்பினர்கள் கையில். துணைவேந்தர் தெரிவுக்குக் காட்டும் அக்கறையை அவர்களின் நியமனத்துக்கும் நாம் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வடக்கின் விவசாயத்தையும் மீன்பிடியையும் தொழில்களையும் நேரில் அறிந்தவர்கள் அங்கே இருந்தால், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள விவசாய, பொறியியல் பீடங்களுக்கு என்ன தேவை என்று கேட்க ஆள் இருக்கும்.

பேரவைக்கும் மூதவைக்கும் துணைவேந்தரே தலைவர். புதிய பட்டப்படிப்பு ஒன்று மூதவையைத் தாண்டி, பேரவையைத் தாண்டி, ஆணைக்குழுவின் அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பு நகர்வதும் தூங்குவதும் பெரும்பாலும் அவருடைய முனைப்பைப் பொறுத்தது. பீடாதிபதியைப் பீடச் சபையே தெரிவு செய்கிறது.

விதிவிலக்கும் உண்டு. 2019இல் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, துணைவேந்தருக்குப் பதிலாகப் பொறுப்பேற்கும் “தகுதிவாய்ந்த அதிகாரி” ஒருவரின் கீழ் யாழ் பல்கலைக்கழகம் இயங்கியது. 2020 ஓகஸ்டில்தான் மறுபடி துணைவேந்தர் வந்தார்.

மாணவர், பெற்றோர், பழைய மாணவர் என்று எந்தப் பிரஜையும் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். பேரவை உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கை, புதிய படிப்புக்கான கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பன பற்றிப் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த ஆவணம், எந்த மாதம் என்று தெளிவாக எழுதுங்கள். மொத்தமாகக் கேட்டால் பதில் இழுபடும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்புறம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடுகளைப் பார்க்கும் “குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்” மேன்முறையீடு செய்யலாம், அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.