முதலில் சத்தம், அப்புறம் ஈரல்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தீபாவளி வெடி கேட்டால் எங்கள் நாய் டைகர் கட்டிலுக்கடியில் போய் நடுங்குவான். இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே ஓடி ஒளிகிறான். வயதாகிவிட்டதாலா?"

வயதும் காரணமாகலாம். மூட்டு வலியுள்ள நாய்களுக்குச் சத்தத்தின் மேல் பயம் கூடுவதுண்டு, அதனால் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் மேகத்தைப் பார்த்தே ஓடுகிறான் என்கிறீர்களே, முக்கியமான விஷயம் அதுதான்.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. திடீரென்று பெருஞ்சத்தம் வந்தால் மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்ளும், அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு வியப்பு. பயந்த மூளை, 'இதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது?' என்று தேடிக் குறித்துக்கொள்கிறது. இருண்ட வானம், ஈரக் காற்று, கொடியில் காயும் துணியை எடுக்க நீங்கள் ஓடும் ஓட்டம் எல்லாமே இடிக்கு முன்னறிவிப்பாகிவிடுகின்றன. மலேசியாவில் நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழை அதிகம். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. குறிப்பு நீண்டுகொண்டே போகும். கேட்டுக் கேட்டுப் பழகிவிடும் என்று விட்டால், மிரண்டுபோன நாய்க்குப் பெரும்பாலும் பயம்தான் முற்றும்.

இதே கணக்கை நாம் திருப்பிப் போடலாம். நாய்களை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லவின் ஆய்வுகளில் ஒலி முதலில், உணவு பிறகு. அப்படியானால் ஒலி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும். உணவு முதலில் வந்து ஒலி பின்னால் வந்தால் அந்தப் பிணைப்பு சரியாக உருவாவதில்லை. எது முன், எது பின் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது! இடிச்சத்தப் பதிவு ஒன்றை மிக மெதுவாகப் போடுங்கள், டைகரின் காது லேசாகத் திரும்பினால் போதும். ஓரிரு நொடி கழித்து வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. சத்தம் நின்றால் ஈரலும் நின்றுவிட வேண்டும். மாற்றிச் செய்து, ஈரலைக் காட்டிவிட்டு இடியைப் போட்டால், ஈரலே கெட்ட சகுனமாகிவிடும். சரியாகச் செய்துவந்தால் ஒருநாள் சத்தம் கேட்டதும் அவன் கதவைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்ப்பான். மூளையின் கணிப்பு மாறுவதை நாம் கண்ணால் காணும் இடம் அது.

ஈரலைத் தொடாமல் உதட்டை நக்குகிறான், கொட்டாவி விடுகிறான் என்றால் சத்தம் அதிகம், குறையுங்கள். பயத்தில் பசி அடங்கிவிடும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இடியின் அடி உறுமல் வராது, பெரியதாக ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள்.

தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு, தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று கல்லெறிவதைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. அந்த நாய் ஏற்கெனவே மிரண்டு கிடக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கிறது. இங்குள்ள நாய்களை இங்கேயே வைத்து ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்சிக்கு வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தீபாவளிக்கு டைகரை உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, காற்றாடியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும், மிரண்டு செம்பனைக்குள் ஓடினால் தேடுவது சிரமம். பயம் மிக அதிகமென்றால் மருத்துவரைக் கேளுங்கள். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவும் டெக்ஸ்மெடெடோமிடின் களிம்பை இதற்கென்றே அமெரிக்கா அங்கீகரித்திருக்கிறது. நாம் போடும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

பண்டிகை முடிந்ததும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய நினைவு படிகிறது, அவ்வளவுதான். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் குடும்பங்கள் வெடிக்கும் வெடிக்குள் உங்களுக்குச் சில மாதங்கள் இருக்கின்றன.