பதினாலு பக்கம் குறிப்பெடுத்து மூக்குடைந்த கதை

மூன்று வாரம் படித்தேன், பதினாலு பக்கம் குறிப்பு சேர்ந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வரும் வாட்டர்டீப் என்கிற கற்பனை நகரத்தை யார் யார் ஆண்டார்கள், எந்தப் பிரபுக் குடும்பத்துக்கு எதோடு பகை, எல்லாம் கையில் இருந்தது. கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் அஞ்சு பேரை உட்கார வைத்து இருபது நிமிஷம் வரலாறு வாசித்தேன், ஒரு தம்பி பகடைகளை அடுக்கிக் கோபுரம் கட்ட ஆரம்பித்துவிட்டான், இன்னொருத்தர் போனில் கறிதோசைக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "அண்ணே, கத்தியோட ஊருக்குள்ள விடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் ஆறு வருஷமாக டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே கதையாக ஆடும் ஆட்டம், நடத்துகிறேன். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் களத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்குவார்கள், ஆகுமா ஆகாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்து வைக்கும். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கித்தான் நடத்துகிறேன் (அம்மா இன்னும் நம்பவில்லை). புதிதாக டிஎம் ஆக வருகிறவர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றே: "லோர் இன்னும் படிச்சு முடிக்கலண்ணே, முடிச்சதும் ஆரம்பிக்கிறேன்." லோர் என்றால் அந்தக் கற்பனை உலகத்தின் வரலாறு, சங்கதி எல்லாம். முடியாது தம்பி. படிக்கப் படிக்க வந்துகொண்டேதான் இருக்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் வந்தது. வாட்டர்டீப் இருக்கிற ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம் அந்த ஆட்டத்துக்கான தொகுப்பாக 1987ல் வெளியானது, அன்று முதல் பதிப்புக்குப் பதிப்பு எழுதிக் குவித்திருக்கிறார்கள். சிக்கல் அளவில் மட்டும் இல்லை, காலத்தில் இருக்கிறது. முதல் தொகுப்பில் அந்த உலகத்தின் ஆண்டு 1350களில் நிற்கிறது, ஐந்தாம் பதிப்பில் 1490களுக்கு வந்துவிட்டது. அந்த ஊரை ஆளும் பிரபுக்கள் முகமூடிக்குள் இருப்பார்கள், ஒருவர் மட்டும்தான் முகம் காட்டுவார். முன்பு அவர் பியர்கெய்ரான், இப்போது லேரல் சில்வர்ஹேண்ட். இன்றைக்கு ஏழைகள் நெருக்கியடித்து வாழும் ஃபீல்ட் வார்டு என்கிற பகுதி அந்தப் பழைய தொகுப்பில் கிடையவே கிடையாது. விக்கியைத் திறந்தால் இவ்வளவும் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும், அவசரத்தில் படிக்கிறவர் ஆண்டைப் பார்க்க மாட்டார், நானும் பார்க்கவில்லை. பியர்கெய்ரானை லேரல் காலத்துச் சபையில் உட்கார வைத்துவிட்டேன். கறிதோசைக்காரர் நிமிர்ந்து, "அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே" என்றார். அவர் பழைய பதிப்பு ஆள், எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களில், மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள், வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக அகழிப் பாலத்துக் காவல்காரனிடம் போய் அனுமதி கேட்டேன் என்று ஒருவர் கதை சொன்னால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். அதனால் இப்போதெல்லாம் முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுத்துத் தாளின் தலையில் எழுதிவிடுவேன், அதற்குப் பிந்தைய சங்கதி எதையும் தொடுவதில்லை. முதல் நாளே ஆடுபவர்களிடமும் சொல்லிவிடுவேன்: இந்த மேசையில் இருப்பது இந்த வருஷத்து வாட்டர்டீப், நான் சொல்வதுதான் நடந்தது.

அப்புறம், என்ன படிப்பது? மதுரைக்காஞ்சியில் ஊரைச் சொல்லும் பகுதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பகலில் நாளங்காடி, பொழுது சாய்ந்தால் அல்லங்காடி, இரவில் யாமம் யாமமாக யார் விழித்திருக்கிறார்கள் என்று பொழுதோடு நடந்து போகும். நானும் அப்படித்தான் படிக்கிறேன். வாசலில் யார் நிறுத்துவார், எந்தக் காசு செல்லும், ராத்திரி எங்கே படுப்பது, தப்பு செய்தால் யார் பிடிப்பார். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் வாட்டர்டீப் சட்டத்திலேயே இருந்தது: காரணமில்லாமல் ஆயுதத்தை ஓங்கினால் சிறை அல்லது அபராதம். ஒரே வரி. பதினாலு பக்கத்தில் அதைத்தான் விட்டிருந்தேன். அதே ஆட்டத்தில் "வெள்ளிக்கிழமை சந்தை" என்று வேறு உளறினேன். அந்த உலகத்தில் வாரத்துக்குப் பத்து நாள், மாதத்துக்கு மூன்று வாரம், வெள்ளிக்கிழமைக்கு எங்கே போவது?

பெயரும் நடப்பும் ஒட்டாத இடம் கிடைத்தால் விடாதீர்கள். சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதிப் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். கேட்டது ஒரு தெருப் பெயரை, அதற்குள் ராஜா, விழா, வீதி மூன்றும் வந்துவிட்டன. வாட்டர்டீப்பில் டோல் என்று சதுரமான பித்தளைக் காசு இருக்கிறது, ஊருக்குள் இரண்டு தங்கக் காசுக்குச் சமம், ஊரைத் தாண்டினால் சல்லிக்காசு பெறாது. இதை நான் சொல்லவே இல்லை. சம்பளத்தை டோலாக வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள் முதல் சத்திரத்திலேயே கண்டுபிடித்தார்கள், அன்று முழுக்கச் சண்டை.

போன சனிக்கிழமைக்கு என் தயாரிப்பு அரைப் பக்கம். யானிங் போர்ட்டல் விடுதி, நடுவில் 140 அடிக் கிணறு, அதற்குக் கீழே அண்டர்மவுண்டன் என்னும் பாதாளம். இறங்க ஒரு தங்கக் காசு. ஏறவும் ஒரு தங்கக் காசு, அதை முதலில் வாளியில் வைத்து மேலே அனுப்ப வேண்டும். இறங்குவதற்கு முன் கல்லாவில் இதைத் தெளிவாகச் சொன்னேன். பகடையால் கோபுரம் கட்டிய அதே தம்பி, கீழே போனதும் கையில் இருந்த எல்லாக் காசையும் கோப்ளின் என்கிற குட்டிப் பூதம் ஒன்றுக்கு லஞ்சமாகக் கொடுத்துவிட்டான்.

"அண்ணே, வாளி காலியாத்தான் இருக்கு, ஆட்டிப் பார்த்தா மேல தெரியுமா?"

பகடையை உருட்டச் சொன்னேன்.