பழைய படத்தில் நிற்கும் பிளசர் கார் எது? பளபளப்பாக்குவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்

கோவை, பொள்ளாச்சி, காங்கயம், கோபி பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு படம் இருக்க வாய்ப்புண்டு. கோட்டும் தலைப்பாகையுமாக அப்பாரு நிற்பார். பக்கத்தில் ஒரு பிளசர் கார், அதாவது சொந்தமாக வைத்து ஓட்டிய மோட்டார் கார். ஃபுட்போர்டில் கால் வைத்தபடி ஒரு பையன். என்ன கார் என்று கேட்டால், "ரோல்ஸ் ராய்ஸுங்க" என்பார்கள், இல்லையென்றால் "அந்தக் காலத்து ஃபோர்டுங்க" என்பார்கள்.

பழைய படங்களைச் சீர்செய்து நகலெடுத்துக் கொடுப்பது என் தொழில். கார் என்ன, படம் எந்த வருஷத்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதும் அதோடு சேர்ந்த வேலையாகிவிட்டது. கொஞ்ச காலமாக ஒரு விஷயம் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. படம் என்னிடம் வரும்போதே செல்போன் செயலியில் தெளிவாக்கி, கலர் பூசி வருகிறது. அசல் எங்கே என்று கேட்டால், "லேமினேஷன் போட்டுட்டோமுங்க" என்கிறார்கள்.

அந்தச் செயலி மங்கலாக இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. முகத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும், காருக்கு ஒத்துவராது. ரேடியேட்டர் முகப்பில் பாதி தெரிந்த எழுத்து போய்விடும். சக்கரத்தில் 12 ஆரக்கால் இருந்த இடத்தில் 10 இருக்கும். நம்பர் பிளேட்டில் எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஓர் எழுத்து அழகாக உட்கார்ந்திருக்கும். காரை அடையாளம் காட்டுகிற அத்தனையும் அந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர், எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கப் பெரும்பாலும் வண்டியின் முன்னால் இருக்கும் கூடு. 1930-கள் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் வடிவமே முகம் மாதிரி. மேலே கூம்பிய முகடும் நேர்க்கோடுகளுமாக, கிரேக்கக் கோயில் முகப்பைப் போல இருந்தால் மட்டும் ரோல்ஸ் ராய்ஸைப் பற்றி யோசிக்கலாம். மூடி மேல் ஏதோ நிற்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரோல்ஸ் ராய்ஸின் பறக்கும் பெண் சிலை 1911-ல் வந்தது உண்மைதான். ஆனால் 1910-களிலும் 20-களிலும் பல கார்களில் ரேடியேட்டர் மூடி மேலேயே வட்டமான வெப்பமானி ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். தண்ணீர் கொதிக்கிறதா என்று டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்கு அது. மங்கலான படத்தில் அது சிலையாகத் தெரிந்து, ஒரு சாதாரணக் காரை ரோல்ஸ் ராய்ஸ் ஆக்கிவிடுகிறது.

ரேடியேட்டரின் மேல்பாகம் உருண்டு துப்பாக்கித் தோட்டாவின் முனை போல இருந்தால் அது மாரிஸ் கௌலி அல்லது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1926 வரைக்கும்தான் அந்த உருண்டை மூக்கு, அதற்கப்புறம் தட்டையாகிவிட்டது. ரேடியேட்டரே முன்னால் இல்லாமல் பானெட் முன்பக்கம் சரிந்து இறங்கினால் ரெனோவாக இருக்கலாம். அதில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும்.

டாட்ஜ் பிரதர்ஸ் காரின் முகப்பில் வட்டத்துக்குள் இரண்டு முக்கோணங்களைப் பின்னினாற்போல் அறுகோண நட்சத்திரம் இருக்கும். மருதமலையும் பழனியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நமக்கு அதைப் பார்த்ததும் முருகன் சக்கரம் என்றுதான் தோன்றும். "அப்புச்சி பெரிய முருக பக்தருங்க, வண்டியிலயே போட்டு வெச்சிருக்காரு" என்று ஒரு குடும்பத்தில் சொன்னார்கள். பக்தி உண்மையாக இருக்கலாம். அந்த நட்சத்திரம் அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே வைத்தது. 1914-ல் தொடங்கி 1930-களின் கடைசிப் பகுதி வரை அந்தச் சின்னம் அவர்களிடம் இருந்தது.

ஃபோர்டு மாடல் டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபோர்டு என்று சொல்லப்படும் படங்களில் நிஜமாகவே ஃபோர்டாக இருப்பவையும் நிறைய. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்த வண்டி அது. நம் நாட்டுக்கு வந்தவை கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து ஃபோர்டு கம்பெனி வழியாக வந்தவை. அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். பித்தளை ரேடியேட்டர் பளிச்சென்று தெரிந்தால் 1916 வரைக்கும் உள்ள மாடல். 1917 மாடலிலிருந்து ரேடியேட்டர் கூடு கறுப்பு.

அப்பத்தா காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியேட்டரையே மறைத்துவிட்டார் என்றால்? நம் வீட்டுப் படங்களில் இது சகஜம். அப்போது காலுக்குக் கீழே பாருங்கள். ஃபோர்டில் முன் அச்சுக்கு மேலே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்காக, வில்லைக் கவிழ்த்து வைத்தது போலப் போகும். மற்றக் கம்பெனிகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரிங் நீளவாக்கில், சட்டத்தின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு அடையாளம் என்னைக் கைவிட்டதே இல்லை. வண்டியை நேர் பக்கவாட்டில் எடுத்திருந்தால் அளந்தும் பார்க்கலாம். மாடல் டி-யில் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 100 அங்குலம், சக்கரம் டயரோடு 30 அங்குலம். படத்தில் ஸ்கேல் வைத்து முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய மூன்றேகால், மூன்றரைக்குள் வர வேண்டும். கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டாலும் காலத்தை நெருங்க வழி உண்டு. முன்சீட்டுக்குக் கதவே இல்லாமல், பானெட்டும் உடம்பும் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிந்தால் பெரும்பாலும் 1911, 12-க்கு முந்தைய வடிவமைப்பு. ஹெட்லைட் பெரிய பித்தளைக் குடமாக இருந்து, அதிலிருந்து குழாய் ஒன்று ஃபுட்போர்டில் உள்ள டப்பாவுக்குப் போனால் கார்பைடு விளக்கு. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி வரும் வாயுவில் எரிவது. மாடல் டி-க்கு 1915-ல் மின்விளக்கு வந்துவிட்டது. டயர் வெள்ளையாக இருந்தால் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். ரப்பரில் கரித்தூள் சேர்ப்பது பரவும் வரை டயரே வெளுப்பாகத்தான் இருந்தது. 1920-கள் நெருங்க நெருங்கக் கறுத்துவிட்டது. முன்சக்கரத்துக்கு உள்ளே பிரேக் டிரம் தெரிகிறதா என்று பாருங்கள். சாதாரண விலை அமெரிக்கக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வந்தது 1920-களின் நடுவிலும் கடைசியிலும்தான். செவர்லேயில் 1928.

இத்தனையும் பார்த்து "1928 செவர்லே" என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உடனே படத்துக்குப் பின்னால் 1928 என்று எழுதிவிடக் கூடாது. கார் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. அதற்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நம் ஆட்கள் ஒரு வண்டியை வாங்கினால் பத்து, இருபது வருஷம் ஓட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில் புதுக் கார் வரத்தே நின்றுபோய், இருந்த பழைய வண்டிகளே ஓடின. 1928 செவர்லே 1945-ல் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் நின்றிருந்தால் ஆச்சரியமே இல்லை. படம் எந்த வருஷத்தது என்று காருக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கைக்குழந்தை யார், எப்போது பிறந்தார், இதில் இருக்கிற பெரியவர் எப்போது தவறினார் என்று கணக்குப் போட்டால் இன்னொரு பக்கத்து எல்லை கிடைத்துவிடும்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் நேராக அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்று முடிவு கட்டுவதற்கு முன், படமே திரும்பி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டால் இடம் வலம் மாறிவிடும். சேலை முந்தானையை வைத்து இதைச் சொல்ல முடியாது, குடும்பத்துக்குக் குடும்பம் கட்டு வேறு. ஆண்களின் சட்டைப் பை, பொத்தான் வரிசை, நம்பர் பிளேட் எழுத்து, இந்த மூன்றும் நம்பகமானவை.

இன்னொன்றும் உண்டு, காரே பொய்யாக இருப்பது. ஸ்டுடியோவில் பலகையில் வரைந்து வெட்டிய காருக்குப் பின்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். டயருக்குக் கீழே நிழல் விழாது, கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காது. அப்படியிருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதுவும் அந்தக் காலத்து ஆசையின் பதிவு, பத்திரமாக வைத்திருக்க வேண்டிய படம்.

கலருக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளுக்கும் ஃபிலிம்களுக்கும் சிவப்பு நிறம் கண்ணில் படாது. சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதியும். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் 1920-களின் பிற்பாதிக்கு மேல்தான் பரவலாக வந்தது. நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டு மாதிரி தெரிகிறதா, அப்போது அந்தக் காரின் "கறுப்பை"யும் சந்தேகப்படுங்கள். "செவப்புக் காருன்னு அம்மிச்சி சொல்லுவாங்க, படத்துல கறுப்பா இருக்குதுங்களே" என்று கேட்பவர்களிடம், அம்மிச்சி சொன்னது சரியாகவே இருக்கலாம் என்றுதான் சொல்வேன். மாடல் டி மட்டும் 1914-லிருந்து 1925 வரை கறுப்பில்தான் வந்தது. மற்றபடி செயலி பூசும் நிறத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அது அம்மிச்சியின் நினைவை அழித்துவிட்டுத் தன் ஊகத்தைப் பூசுகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பஸ் படங்கள் நம் பக்கத்துக்கே உரிய சொத்து. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கியதிலிருந்து, கொங்கு நாட்டில் மோட்டார் தொழில் வளர்ந்த கதை இந்தப் படங்களில்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸின் கூண்டைப் பார்த்து கம்பெனியைச் சொல்ல முடியாது. எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டமான சேஸிஸ் மட்டும் வெளியிலிருந்து வரும், கூண்டு இங்கே மரத்தில் கட்டியது. அதனால் பானெட், ரேடியேட்டர், சக்கர மூடி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸின் பின்னால் உயரமான இரும்பு உருளை ஒன்று தொங்கினால் துள்ளிக் குதிக்கலாம். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியிலிருந்து வாயு உண்டாக்கி அதில் வண்டியை ஓட்ட மாட்டிய கரி கேஸ் பிளாண்ட் அது. அந்தப் படம் பெரும்பாலும் 1940-களின் முற்பாதியைச் சேர்ந்தது. செயலியில் போட்டால் இந்த உருளையைத்தான் முதலில் ஏதோ கறை என்று துடைத்துவிடும்.

சரி, அசல் படம் கையில் இருந்தால் என்ன செய்வது? முதலில் லேமினேஷன் வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து படத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். சந்தனம், குங்குமம் வைப்பதாக இருந்தால் கண்ணாடி மேல் வையுங்கள், படத்தின் மேல் வேண்டாம். ஏற்கெனவே படத்தில் பட்டுவிட்டது என்றால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அப்படியே கொண்டு வாருங்கள்.

போஸ்ட்கார்டு அளவுப் படத்தை 1200 டிபிஐயில், கலர் ஸ்கேனாக, டிஃப் (TIFF) கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஸ்கேன் எதற்கு என்று கடையில் கேட்பார்கள். கறையையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்க அது வேண்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டவே கூடாது. பாதிச் சக்கரம் தெரிகிற ஓரம்தான் பல நேரம் விடை சொல்கிறது. யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும். சீர்செய்வது, கலர் பூசுவது எல்லாம் இந்த ஸ்கேனின் நகலில் மட்டும் நடக்கட்டும்.

ஓரளவு பெயர் தெரிந்துவிட்டது என்றால், கோவை அவிநாசி சாலையில் ஜிடி கார் மியூசியத்துக்குப் படத்தின் நல்ல பிரிண்டோடு போய் வாருங்கள். படம் எடுத்தவர் நின்ற அதே கோணத்தில் ஓர் உண்மையான பழைய காரின் முன்னால் நின்று பார்க்கும்போது, சக்கரத்தின் உயரமும் மட்கார்டின் வளைவும் பிடிபடுகிற மாதிரி இணையத்துப் படங்களில் பிடிபடாது. வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்ததையோ கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதையோ அங்கேதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். வந்ததும் அதை ஒரு தாளில், யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். அதே தாளில், படத்தில் கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்பதைத் தனித்தனியாக எழுதி, படத்தோடு உறையில் போட்டு வையுங்கள். படத்தின் பின்னால் எழுதியே ஆக வேண்டும் என்றால் மென்மையான பென்சிலில், ஓரத்தில், பெயர்களை மட்டும் எழுதுங்கள்.