படத்தைக் காட்டாமலே படத்தைப் பிடிப்பது எப்படி?

இளைஞர் மன்றம் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பத்தாம் வகுப்புப் பெண்ணின் முகத்தை வைத்து ஏஐ மூலம் ஆபாசப் படம் செய்து பரப்புகிறார்கள். அதைத் தடுக்க ஒரு தளம் இருக்கிறது, படத்தை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பரவக்கூடாத படத்தை இன்னொரு இடத்துக்கும் அனுப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?"

அனுப்ப வேண்டியதில்லை. படம் அந்தப் பெண்ணின் போனிலேயே இருக்கும். வெளியே போவது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரம் மட்டும். அந்தச் சரத்துக்கு ஹேஷ் என்று பெயர். படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரி; அதை வைத்தே தளங்கள் அந்தப் படத்தை அடையாளம் காண்கின்றன. இளைஞர்களோடு பணிபுரிவோருக்கான ஏஐ பயிற்சிகளில் ‘பொறுப்புணர்வு’, ‘நெறிமுறை’ என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு இந்த ஹேஷை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் படம் எப்படி உருவாகிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். டிஃப்யூஷன் வகை நிரல்கள் ஏராளமான படங்களில் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளை, கலந்து, பிறகு அதை நீக்கப் பழகியவை. ‘உடை நீக்கும்’ செயலி, போட்டோவில் உடை இருக்கும் பகுதியை அழித்து, அங்கே வெறும் இரைச்சலை நிரப்புகிறது. சுற்றிலும் உள்ள தோல் நிறம், வெளிச்சம், நிற்கும் விதம் ஆகியவற்றை வைத்து அந்த இரைச்சலைப் படிப்படியாக ஓர் உடலாக மாற்றுகிறது. துணிக்குப் பின்னால் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. பயிற்சிப் படங்களில் இருந்த யார் யாருடைய உடல்களிலிருந்தோ கற்றதை வைத்து ஊகிக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவலே இதுதான்: அது உன் உடல் இல்லை.

சட்டத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை. 2019-இல் திருத்தப்பட்ட போக்சோ சட்டத்தின் வரையறையில், உண்மையான குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாத கணினிப் படமும், குழந்தையைப் போலத் தோன்றும்படி மாற்றியமைத்த படமும் அடங்கும். எனவே "இது ஏஐ படம்தான் என்று நிரூபித்துவிட்டால் போதும்" என்று நினைத்துக் கண்டறியும் செயலிகளைத் தேடி ஓட வேண்டாம். அந்தச் செயலிகள் பலவும் கிளி ஜோசியத்தின் தரத்தில்தான் இருக்கின்றன. வாட்ஸாப்பில் நான்கு கை மாறிச் சுருங்கிய படத்தைக் கொடுத்தால், கிளி எடுக்கும் சீட்டு இன்னும் மோசம். அதைவிட முக்கியமாக, முன்பின் தெரியாத ஒரு சர்வருக்கு நீங்களே அந்தப் படத்தை ஏற்றியிருப்பீர்கள்.

இனி ஹேஷ். பழைய எம்டி5 போன்ற ஹேஷ்கள் ஒரு கோப்பிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் சேர்த்து அரைத்து ஓர் எண்ணைத் தருகின்றன. ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை தலைகீழாக மாறிவிடும். கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க அது நல்லது, நமக்குப் பயன்படாது. வாட்ஸாப் ஒரு படத்தைச் சுருக்கி அனுப்பினாலே ஏறக்குறைய எல்லா பைட்டுகளும் மாறிவிடுகின்றன. நமக்கு வேண்டியது கண் பார்ப்பதுபோல் பார்க்கும் ஹேஷ்: படம் கொஞ்சம் மாறினால் ஹேஷும் கொஞ்சமே மாற வேண்டும். 2009-இல் மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரியின் ஹனி ஃபரீதும் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ இந்த வகையில் புகழ்பெற்றது. 2019-இல் ஃபேஸ்புக் தன் பிடிக்யூ முறையைத் திறந்த மூலமாக வெளியிட்டது. யாரும் படித்துப் பார்க்கலாம் என்பதால் அதையே பிரித்துப் பார்ப்போம்.

படம் முதலில் நிறத்தை இழக்கிறது. வெளிச்ச அளவு மட்டும் மிஞ்சுகிறது. பிறகு அதை மெல்ல மங்கலாக்கி 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்குகிறார்கள். முகத்தின் மச்சம், பின்னால் தொங்கும் காலண்டரின் தேதி எல்லாம் இங்கேயே தொலைந்துபோகின்றன. அடுத்த படியில்தான் அழகு இருக்கிறது. அந்த 4,096 எண்களையும் அலைகளாகப் பிரிக்கிறார்கள். எந்தப் படத்தையும் பல கொசைன் அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம். இடமிருந்து வலமாக மெல்ல ஏறி இறங்கும் அகன்ற அலை, அதைவிட நெருக்கமான அலை, மேலிருந்து கீழாக ஓடுபவை, இரண்டும் பின்னியவை என்று ஒவ்வொன்றும் இந்தப் படத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். மிகமிக நெருக்கமான அலைகள் நுணுக்கங்களைச் சுமப்பவை; சுருக்கும்போது முதலில் அடிபடுபவையும் அவைதான். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, அகன்ற அலைகளில் 16-க்கு 16, மொத்தம் 256 அளவுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். படத்தின் மொத்த வெளிச்சத்தைக் குறிக்கும் ஆரம்ப அளவையும் சேர்ப்பதில்லை. ஆகவே யாராவது பிரைட்னஸைக் கூட்டிப் பரப்பினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கடைசிப் படி பத்தாம் வகுப்புக் கணக்கு. 256 எண்களுக்கும் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, காண்கிறார்கள். அதற்கு மேலிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பாதி 1, பாதி 0. பதினாறு புள்ளி, பதினாறு வரிசைக் கோலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் புள்ளி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நான்கு நான்கு பிட்டாகச் சேர்த்து எழுதினால் 64 எழுத்துச் சரம் வந்துவிடும்.

இந்தக் கொசைன் பிரிப்புக்கு டிசிடி என்று பெயர். உங்கள் போனில் உள்ள ஒவ்வொரு ஜேபெக் படமும் இதன்மேல்தான் நிற்கிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் இந்த யோசனைக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர் ஒருவருக்கு யோசனை மிக எளிமையாகத் தெரிந்ததாம். நிதி இல்லாமலே 1973 கோடை முழுக்க அதில் வேலை செய்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். எளிமையாக இருக்கிறது என்று ஆராய்ச்சி நிதியை மறுக்கும் குழுக்களுக்கு இந்தக் கதையை ஃபிரேம் போட்டு மாட்டித் தர வேண்டும்.

இரண்டு கோலங்களையும் பக்கத்தில் வைத்து எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணுவதுதான் ஒப்பீடு. தொடர்பே இல்லாத இரண்டு படங்கள் என்றால் 256-இல் பாதி, அதாவது ஏறக்குறைய 128 இடங்கள் வேறுபடும். எட்டோ பதினாறோ கூடக்குறைய இருக்கலாம். பிடிக்யூவில் பரிந்துரைக்கப்படும் எல்லை 31; வேறுபாடு அதற்குள் இருந்தால் ஒரே படம் என்று கொள்கிறார்கள். தற்செயலாக 128-லிருந்து 31-க்கு இறங்குவது, நாணயத்தை 256 முறை சுண்டி 31 முறை மட்டுமே தலை விழுவது போன்றது. ஆகவே ஏதோ கடற்கரைப் படத்தைத் தவறாகப் பிடித்துவிடுமோ என்ற பயம் பெரும்பாலும் வேண்டாம். ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம், வெறும் வானம், வெள்ளைச் சுவர் போன்ற தட்டையான படங்கள். அவற்றில் எல்லா எண்களும் இடைநிலையை ஒட்டியே கிடப்பதால், சின்ன இரைச்சலும் புள்ளிகளைப் புரட்டிவிடும். அதனால் பிடிக்யூ ஒவ்வொரு ஹேஷோடும் 100-க்கு ஒரு தர மதிப்பெண் தருகிறது. 50-க்குக் கீழ் வந்தால் அந்த ஹேஷை நம்பாமல் ஒதுக்குவது வழக்கம்.

ஹேஷிலிருந்து படத்தைத் திரும்ப வரைய முடியுமா? மூன்று எம்பி போட்டோ 32 பைட்டாகச் சுருங்கியிருக்கிறது. கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்கு. முகம் திரும்பாது. ஆனால் 144 பைட் நீளமுள்ள போட்டோடிஎன்ஏ ஹேஷிலிருந்து மங்கலான உருவத்தை இயந்திரக் கற்றல் மூலம் ஊகிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஹேஷ் பட்டியலையும் பொதுவெளியில் போட்டுவிட முடியாது.

பயிற்சியில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் செய்ய வைப்பது மேல். நான்கு பேருக்கு ஒரு குழு, கிராஃப் தாள், பென்சில், நாற்பது நிமிடம் போதும். அரசுப் பேருந்து, டீ கிளாஸ், கோபுரம் என்று ஏதாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வந்தவர்களின் முகம் வேண்டாம். அலைகளைக் கையால் கணக்கிட முடியாது, எனவே எளிய வடிவம்: படத்தின்மேல் 8-க்கு 8 கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் கருமைக்கும் 0 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். 64 எண்களுக்கும் இடைநிலை அளவு கண்டு, அதைவிடக் கருப்பான கட்டங்களை நிரப்ப வேண்டும். இரண்டாம் குழுவுக்கு அதே படத்தின் வாட்ஸாப் பிரதி, மூன்றாம் குழுவுக்கு வேறு படம். முதல் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால் சில கட்டங்களே வேறுபடும். மூன்றாவது தாள் முப்பது கட்டங்களையொட்டி வேறுபடும். பிறகு நிரப்பிய தாளை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பி, "இது என்ன படம்?" என்று கேளுங்கள். பேருந்தா கோபுரமா என்று சொல்லவே திணறுவார்கள். அரை மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்தத் தாள் செய்துவிடும்.

இரண்டாம் குழுவின் தாள் பொருந்தவே இல்லை என்றால், பெரும்பாலும் யாரோ படத்தின் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். இதுதான் உண்மையான ஹேஷின் பலவீனமும். ஓரத்தை நன்றாக வெட்டினால், அகலமான கரை சேர்த்தால், பெரிய எழுத்துகளை மேலே போட்டால் அலைகள் இடம் மாறிவிடும். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால், தேடும் தளம் படத்தைச் சுழற்றியும் திருப்பியும் கிடைக்கும் எட்டு நிலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் பிடிபடும். ஏஐ விஷயத்தில் இன்னொரு தலைவலி. அதே முகத்தை வைத்து மறுபடி பொத்தானை அழுத்தினால் வருவது புத்தம்புதிய படம். பழைய ஹேஷ் அதைத் தொடாது. படத்தைத் தடுத்ததோடு நிறுத்தாமல், செய்தவரையும் தடுத்தாக வேண்டும். அவர் அதே வகுப்பு மாணவராக இருந்தால் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

இப்போது அந்தத் தளங்கள். படம் எடுக்கப்பட்டபோது 18 வயது ஆகாதவர்களுக்கு, காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க மையமான என்சிமெக் நடத்தும் டேக் இட் டவுன். 18 முடிந்தவர்களுக்கு, பிரிட்டனில் 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ (சம்மதமின்றிப் பரப்பும் அந்தரங்கப் படங்களை நிறுத்து என்று பொருள்). இரண்டுமே இந்தியாவிலிருந்து பயன்படுத்தக்கூடியவை, இரண்டுமே ஏஐ படங்களையும் ஏற்பவை. ஹேஷ் பயனரின் கருவியிலேயே உருவாகிறது. சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்தப் பட்டியலை வாங்கித் தங்கள் தளங்களில் ஒப்பிடுகின்றன. சேராத தளங்களில் எதுவும் நடக்காது. வாட்ஸாப் உரையாடல்கள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் அங்கே செல்லும் படங்களையும் இது தொடாது. இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "எல்லா இடத்திலும் அழித்துவிடலாம்" என்று வாக்குக் கொடுத்தால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை உங்களை நம்பாது.

பணியாளர்கள் அதிகம் தவறுவது முதல் பத்து நிமிடத்தில். "எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்" என்று கேட்டுவிடுகிறார்கள். அனுப்பிய நொடியில் அது பணியாளரின் போனிலும், கேலரி தானாகச் சேமித்தால் கிளவுடிலும் உட்கார்ந்துவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இத்தகைய படங்களைத் தேடுவதையும் பதிவிறக்குவதையுமே குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. வைத்திருப்பதும் பார்ப்பதும் மட்டும் குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. ‘குழந்தை ஆபாசம்’ என்ற சொல்லுக்குப் பதிலாகப் பாலியல் சுரண்டலையும் வன்முறையையும் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தும்படியும் நீதிமன்றங்களுக்குச் சொன்னது.

படம் வேண்டாம் என்றால் எதைக் குறிப்பது? கணக்கின் காட்சிப் பெயரை அல்ல, அதை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு, பதிவின் இணைப்பு, பார்த்த தேதி நேரம், மிரட்டல் செய்தியின் வாசகம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதானால் படம் அதில் விழாமல், அந்தப் பிள்ளையின் போனிலேயே எடுக்க வேண்டும்.

இரண்டாவது தவறு ரகசிய வாக்குறுதி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. போக்சோ 19-ஆம் பிரிவின்படி, தகவல் அறிந்தவர் சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. "உன் பாதுகாப்புக்காக யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான வாக்கு. 1098 குழந்தைகள் உதவி எண்ணை அந்தப் பிள்ளையே அழைக்கலாம். மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் தராமலும் பதியலாம்.

மூன்றாவது தவறு அவசரமாக அழிப்பது. பயத்தில் பிள்ளை எல்லாவற்றையும் அழித்துவிடும், அல்லது பெற்றோர் போனைப் பிடுங்கி ரீசெட் செய்துவிடுவார்கள். கோப்பு போனால் ஹேஷ் எடுக்க வழியில்லை, காவல்துறைக்குச் சான்றும் இல்லை. எனவே புகார், ஹேஷ், அதன்பின் அழிப்பதைப் பற்றி விசாரணை அலுவலரிடம் கேட்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஹேஷை அந்தப் பிள்ளையே, தன் போனில், தன் கையால் எடுக்கட்டும். நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படிகளை வாசித்தால் போதும். திரை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே படத்துக்குப் பல வடிவங்கள் போனில் கிடக்கும்: வந்த கோப்பு, வெட்டிய பிரதி, ஸ்கிரீன்ஷாட். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஓரம் வெட்டிய பிரதியை மூலத்தின் ஹேஷ் பிடிக்காமல் போகலாம், அந்தப் பிரதியின் ஹேஷே பிடிக்கும். வீடியோ என்றால் இது இன்னும் அவசியம். ஸ்டாப் என்சிஐஐ வீடியோக்களுக்கு எடுப்பது எம்டி5 ஹேஷ். ஒருமுறை சுருங்கி வந்த பிரதியும் அதற்கு வேறு கோப்புதான்.