எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் புற ஊதா ஒளி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைக் காண யாருக்கும் கருவி தேவைப்படவில்லை. படகு, வலை, அலையாத்தி என எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பிக் கிடந்தது. கருவி தேவைப்படுவது அதற்கு வெகுமுன்பே. ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராம், கடலோரத்தில் 20 மில்லிகிராம் என்பது நம் நாட்டின் பொது உச்சவரம்பு. இந்த அளவு எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்துவிட்டால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது.

கச்சா எண்ணெய், டீசல், ஃபர்னஸ் ஆயில் மூன்றிலும் பென்சீன் வளையங்கள் ஒட்டிப் பின்னிய மூலக்கூறுகள் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் அவை அதை உறிஞ்சி, ஆற்றலில் கொஞ்சம் இழந்து, மீதியை இன்னும் நீளமான அலைநீளத்தில் உமிழும். நீரில் முக்கும் சென்சார்கள் பலவும் 254 நானோமீட்டரில் ஒளி பாய்ச்சி, 360 நானோமீட்டரை ஒட்டி வருவதை வடிகட்டி அளக்கின்றன. சாதாரணக் கண்ணாடி 254ஐ விழுங்கிவிடும் என்பதால் சாளரம் குவார்ட்ஸாக இருக்கவேண்டும். விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து, எரியும்போது வந்த அளவிலிருந்து அணைந்தபோது வந்ததைக் கழித்தால் சென்னை வெயில் தொல்லை தராது.

சென்சார் அளப்பது ஒளியை, எண்ணெயை அல்ல. சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. கூவம், பக்கிங்காம் கால்வாய் போன்ற சாக்கடை கலந்த நீரில் டிரிப்டோஃபான் என்ற புரதக்கூறு நிறைய இருக்கும். அது ஒளிர்வது 350 நானோமீட்டரை ஒட்டி. ஒரு சொட்டு டீசல்கூட இல்லாத சாக்கடைக்கு சென்சார் எண்ணெய்க் கணக்குக் காட்டுவது இதனால்தான். நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஓட்டல் கழிவில் வரும் கடலை எண்ணெயில் அந்த வளையங்கள் இல்லை. சென்சாருக்கு அது ஏறக்குறைய தெரியாது. ஆய்வகமோ மாதிரியை அமிலமாக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் பிரித்து, ஆவியாக்கி எடைபோடுவதால் அதையும் சேர்த்தே சொல்லும். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்று கருவியைத் தூக்கிப் போடுவது தவறு.

ஆகவே காலிபரேஷனை, அதாவது சென்சார் காட்டும் ஒளியை எண்ணெய் அளவோடு பொருத்தும் வேலையை, எந்த எண்ணெய் வரக்கூடுமோ அதே எண்ணெயில், அந்த இடத்து நீரிலேயே செய்யவேண்டும். டீசல் என்றால், 100 மில்லிகிராமை ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். கசிவுக்கு வழியில்லாத, நீரோட்டத்தின் மேற்புறத்தில் மொண்ட நீரில் லிட்டருக்கு இதில் 1 மில்லி விட்டால் 1 மில்லிகிராம் எண்ணெய். 0, 1, 2, 5, 10, 20 மில்லி என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் மொத்த ஆல்கஹால் 20 மில்லி இருக்கும்படி வெறும் ஐசோபுரோப்பனாலால் சமன்செய்யுங்கள். பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கலக்கியதும் அளந்துவிடுங்கள், தாமதித்தால் துளிகள் மேலேறிவிடும்.

எண்ணெய் மிக அதிகமானாலும் சென்சார் காட்டும் அளவு குறைந்துவிடும். முன்னால் உள்ள அடுக்கே கதிரை உறிஞ்சிவிடுவதும், உமிழ்ந்த ஒளி வெளியேற முடியாமல் போவதும் காரணம். சந்தேகம் வந்தால் மாதிரியைச் சரிபாதி நீர்த்துப் பாருங்கள். அளவு பாதியாகாமல் அப்படியே நின்றாலோ கூடினாலோ சென்சாரின் எல்லை தாண்டிவிட்டது.

எண்ணூர் போன்ற உப்பங்கழியில் சாளரத்தில் பாசியும், பார்னக்கிள் என்ற ஒட்டி வளரும் ஓட்டு உயிரியும் வேகமாகப் பிடிக்கும். துடைக்கும் பிரஷ் இல்லாத சென்சாரை நம்ப முடியாது. சாளரம் கீழே பார்த்தால் காற்றுக் குமிழி தங்கும், மேலே பார்த்தால் சேறு படியும். பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துவதே நல்லது.

நீர்மேல் மிதக்கும் படலத்துக்கு இந்தக் கருவி போதாது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் தடிமனில் 1000 சதுர மீட்டர் பரவும். அரை மீட்டர் ஆழத்தில் தொங்கும் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு மேலிருந்து நோக்கும் சென்சார் வேண்டும். செங்குத்தாக விழும் ஒளியில் தண்ணீர் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பியனுப்பும், எண்ணெய்ப் பரப்பு ஏறத்தாழ 3.6 சதவீதத்தை. இந்த வேறுபாட்டை வைத்தே படலத்தை அடையாளம் காணலாம்.